யாவாரம் பிறவிக் குணமா? கல்முனைக் கரையிலிருந்து ஒரு பாடம்

"நமக்கெல்லாம் யாவாரம் சரிப்பட்டு வராதுங்க. அது நானாமாருக்கு ரத்தத்துலயே ஊறினது."

தோட்டத்தில் ஒரு பிள்ளை சொந்தமாக ஏதாவது தொழில் தொடங்கப் போகிறேன் என்று வாயெடுத்தால், லயத்தில் முதலில் கேட்கிற பேச்சு இதுதான். அப்பா சொல்வார், தாத்தா சொல்வார், பக்கத்துக் காம்பராவில் இருந்தும் யாராவது வந்து சொல்வார்கள். பிள்ளை வாயை மூடிக்கொண்டு கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய்விடும். அங்கே என்ன நடக்கிறது? வருகிற வாடிக்கையாளரிடம் பேசுவது யார்? சாமான் எடுத்துக் காட்டுவது யார்? நம்முடைய அதே பிள்ளைதான்! இன்னொருவருடைய வியாபாரத்தை இரவு வரைக்கும் நின்று நடத்திக் கொடுக்கத் தெரிந்த பிள்ளைக்கு, தன்னுடையதை நடத்தத் தெரியாது என்று நாம் எப்படி முடிவு கட்டினோம்?

இந்தப் பாடம் அதைப் பற்றியதுதான். தொழில் தொடங்க விரும்பும் இளைஞர் யுவதிகளுக்கு இரண்டு திறமைகள் முக்கியமாக வேண்டும். ஒன்று, பேசவும் பிறர் பேசுவதைக் கேட்கவும் தெரிவது. மற்றது, யோசித்து முடிவெடுக்கத் தெரிவது. இரண்டையும் சொல்லிக் கொடுக்க முடியும். உங்கள் டிவிசன் வாசிகசாலையிலேயே சொல்லிக் கொடுக்கலாம்.

கரையோரத்தில் இருப்பவர்கள் யார்?

பசறை, லுணுகலை, பிபிலை என்று மலையிறங்கிக் கிழக்கே போனால் அம்பாறை வரும். அதையும் தாண்டிக் கடற்கரைக்குப் போனால் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊரும் ஊரும் ஒட்டிக் கிடக்கும். பெரும்பாலும் முஸ்லிம் ஊர்கள். நடுவே தமிழ் ஊர்களும் உண்டு. விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவு அங்கேதான் இருக்கிறது. எல்லாருக்கும் பேச்சு தமிழ்தான்.

அங்கே எல்லாரும் கடை முதலாளிமார் என்று நினைத்துவிடாதீர்கள். நெல் வயல் செய்கிறவர்கள் ஏராளம். கல்லோயாத் தண்ணீர் பாயும் வயல்கள் அவை. கடலுக்குப் போகிறவர்கள், கூலி வேலை செய்கிறவர்கள், வாத்தியார்மார், கந்தோர் உத்தியோகத்தர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். மருதமுனை என்றால் கைத்தறி. சாரமும் சேலையும் அங்கே நெய்யப்படுகின்றன. ரத்தத்தில் வியாபாரம் ஊறியிருந்தால் இத்தனை பேர் வயலிலும் கடலிலும் ஏன் நிற்க வேண்டும்?

இன்னொன்றையும் பாருங்கள். 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டு, அடுத்த ஆண்டு அதுவே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆனது. இன்று அது ஒலுவிலில் இருக்கிறது. அங்கே முகாமைத்துவ வர்த்தக பீடம் இருக்கிறது. கடை வைத்திருப்பவரின் மகனும் மகளும் அங்கே போய் உட்கார்ந்து கணக்கும் முகாமைத்துவமும் படிக்கிறார்கள். பாடசாலைகளிலும் சாதாரண தரத்துக்குத் தொழில்முயற்சியாண்மைக் கல்வி என்று ஒரு பாடம் தெரிவுசெய்து படிக்கலாம். பிறவியிலேயே வருகிற விஷயத்துக்கு யாராவது பரீட்சை எழுதுவார்களா?

கடையில் நடக்கும் பள்ளிக்கூடம்

அப்படியானால் அந்தக் கரையில் வளரும் பிள்ளைக்கு நம் பிள்ளையைவிட என்ன கூடுதலாகக் கிடைக்கிறது? பழக்கம் கிடைக்கிறது. ஒரு துணிக் கடையை வைத்துக்கொள்வோம். பத்து வயதுப் பையன் பள்ளிக்கூடமும் ஓதப் போவதும் முடிந்து வந்து வாப்பாவின் கடையில் நிற்கிறான். முதலில் விரித்துப் போட்ட துணியை மடித்து வைப்பான். பிறகு மிச்சக் காசு எண்ணிக் கொடுப்பான். பிறகு, வருகிறவரிடம் என்ன வேண்டும் என்று கேட்பான். ஒருவர் வந்து சாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வாங்காமலே போய்விடுகிறார் என்று வையுங்கள்.

வாப்பா கேட்கிறார்: "அவரு ஏன் வாங்காமப் போறாரு, மகன்?"

"வெல கூட எண்டு போறாரு, வாப்பா."

"வெல கூட எண்டு அவரு சொன்னாரா, நீ நெனச்சியா?"

பையன் முழிக்கிறான். அவர் சொல்லவில்லை. இவனாக நினைத்துக்கொண்டான். ஒருவேளை அவருக்கு வேறு நிறம் வேண்டியிருந்திருக்கலாம். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். இந்த ஒரு கேள்வியில் அந்தப் பையன் படித்ததைப் பல பயிற்சி வகுப்புகளில் அரை நாள் எடுத்துச் சொல்கிறார்கள். தொடர்பாடல் என்றவுடன் நாம் மேடைப் பேச்சை நினைக்கிறோம். வியாபாரத்தில் அது பெரும்பாலும் கேள்வி கேட்பதும், பதில் வரும்வரை பொறுத்திருப்பதும்தான்.

இனி நம் பக்கம் வருவோம். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டது 1867 இல். அதற்கு முன்னர் கோப்பிக் காலம். அன்று முதல் தோட்டத்தில் முடிவு எடுக்கிற இடம் எது? விடிந்ததும் பிரட்டுக்களத்துக்குப் போகிறோம். இன்றைக்கு எந்த மலையில் கொழுந்து, எத்தனை கிலோ, எந்த மலையில் கவ்வாத்து என்பதை அங்கே சொல்வார்கள். நாம் கேட்டுக்கொள்வோம். துரை கணக்கப்பிள்ளைக்குச் சொல்வார், கணக்கப்பிள்ளை கங்காணிக்குச் சொல்வார், கங்காணி நமக்குச் சொல்வார். பேச்சு மேலிருந்து கீழே வரும். கீழிருந்து மேலே போக வழி குறைவு. தலைமுறை தலைமுறையாக இப்படி இருந்தால் "ஏன்?" என்று கேட்கிற நாக்குக்கு வேலை இல்லாமல் போகும். இதில் நம் ரத்தத்துக்கு ஒரு குறையும் இல்லை. பயன்படுத்தக் கிடைக்காத கத்தி துருப்பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். தீட்டினால் வெட்டும்.

பாவு முடிவும் ஊடை முடிவும்

முடிவெடுப்பதைச் சொல்லிக் கொடுக்க மருதமுனைத் தறியைவிட நல்ல கரும்பலகை எனக்குத் தெரியவில்லை.

துணியில் நீளவாட்டில் ஓடும் நூலைப் பாவு என்பார்கள். குறுக்கே ஓடும் நூல் ஊடை. நெய்கிறவர் முதலில் நூலுக்குச் சாயம் போட்டு, பாவு ஓட்டி, அதைத் தறியில் ஏற்ற வேண்டும். ஒரு பாவு ஏறிவிட்டால் அதிலிருந்து பல சாரங்கள் வரும். அந்தப் பாவு முடியும்வரை துணியின் அகலமும் நீளவாட்டு நிறமும் மாறாது. பிழையான நிறம் ஏற்றிவிட்டால் அதை நெய்து முடிக்க வேண்டும், இல்லையென்றால் அறுத்துப் போட வேண்டும். ஊடை அப்படியில்லை. நாடாவை மாற்றினால் குறுக்கு நிறம் மாறிவிடும். காலையில் பச்சை, பின்னேரம் நீலம்.

நம் வாழ்க்கையிலும் முடிவுகள் இந்த இரண்டு வகைதான். ஓட்டோவை லீசிங்கில் எடுப்பது பாவு முடிவு. மாதா மாதம் கட்டித்தான் ஆக வேண்டும். இன்றைக்கு வடை என்ன விலைக்கு விற்பது என்பது ஊடை முடிவு. பிழைத்தால் நாளைக்கு மாற்றலாம். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வடை விலைக்கு மூன்று நாள் யோசிப்போம். லீசிங் கம்பனிக்காரர் பேப்பரை நீட்டினால் பத்து நிமிடத்தில் கையெழுத்துப் போடுவோம்!

பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, ஆளுக்கு ஐந்து முடிவுகளைச் சொல்லச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் பாவா ஊடையா என்று மற்றவர்கள் சொல்லட்டும். தையல் மெஷின் வாங்குவது? பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பது? கல்யாணத்துக்கு வட்டிக்குக் கடன் எடுப்பது? வாக்குவாதம் வரும். வரட்டும், அதற்குத்தானே கூடியிருக்கிறார்கள்.

கரையோர நெசவாளர்களும் எல்லா முடிவையும் சரியாக எடுத்தவர்கள் இல்லை. எடுக்கவும் முடியாது. 1977 க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டபோது மலிவுத் துணி வந்து நாடெங்கும் கைத்தறியை அடித்தது. 2004 டிசம்பர் 26 இல் சுனாமி வந்தது. இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே இறந்தார்கள். மருதமுனையில் வீடுகளோடு தறிகளும் போயின. மீண்டும் தறி போடுவதா, வேறு தொழிலுக்குப் போவதா என்பதை அந்தக் குடும்பங்கள் கண்ணீரோடு இருந்த நேரத்தில்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அப்போது உதவிகள் வந்தன. கரையோரத்தில் பல இடங்களில் தேவைக்கு மேலாகவும் படகுகள் கொடுக்கப்பட்டன. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனால் உனக்கு என்ன வேண்டும் என்று முதலில் உட்கார்ந்து கேட்டவர்கள் எத்தனை பேர்? தோட்டத்திலும் இது நடப்பதுதான். ஒரே லயத்தில் பத்துப் பேருக்குத் தையல் மெஷின் கொடுத்தால், பத்துப் பேரும் யாருக்குச் சட்டை தைப்பது?

2022 இல் வேறு மாதிரிச் சோதனை. மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாயளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாயளவுக்குப் போய்விட்டது. நூலும் சாயமும் வெளிநாட்டில் இருந்து வருபவை. பழைய விலைக்கு ஓடர் எடுத்துக்கொண்டு புது விலைக்கு நூல் வாங்குகிறவர் என்ன ஆவார் என்று கணக்குப் போடத் தேவையில்லை. இதில் தப்பிக்க ஒரு வாக்கியம் உதவும்: "இந்த விலை இந்தத் திகதி வரைக்கும்தான்." ஓடர் எடுக்கும்போதே சொல்லி, எழுதியும் கொடுக்க வேண்டும். பேச்சுத் திறமையும் முடிவுத் திறமையும் தனித்தனிப் பாடங்கள் இல்லை என்பதற்கு இந்த ஒரு வாக்கியம் போதும்.

வளையம் எறியும் விளையாட்டு

டேவிட் மெக்லேலண்ட் என்று அமெரிக்க ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் ஓர் உளவியல் பேராசிரியர் இருந்தார். அவர் பயன்படுத்திய ஒரு விளையாட்டை நம் திருவிழாக்களிலும் பார்த்திருப்பீர்கள். தரையில் ஒரு கம்பு நட்டு, அதில் வளையத்தை எறிந்து மாட்ட வேண்டும். எவ்வளவு தூரத்தில் நின்று எறிவது என்பதை எறிகிறவரே தீர்மானிக்கலாம். சிலர் கம்புக்குப் பக்கத்திலேயே நின்று எளிதாக மாட்டிவிடுவார்கள். சிலர் வெகு தூரம் போய் அதிர்ஷ்டத்தை நம்பி வீசுவார்கள். காரியத்தைச் சாதிக்க வேண்டும் என்ற துடிப்பு உள்ளவர்கள் நடுத்தரமான தூரத்தில் நிற்கிறார்கள் என்று அவர் கண்டார். முயன்றால் மாட்டலாம், முயலாவிட்டால் தவறும் என்கிற தூரம் அது.

1964 இல் அவரும் அவருடன் இருந்தவர்களும் ஆந்திராவில் காக்கிநாடா என்ற கடற்கரைப் பட்டணத்தின் சிறு தொழில்காரர்களைத் தெரிவுசெய்து, ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தில் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பின்தொடர்ந்து பார்த்தார்கள். பயிற்சி பெறாதவர்களைவிட அவர்கள் புதிய தொழில்களைத் தொடங்குவதிலும் ஆட்களை வேலைக்கு எடுப்பதிலும் முந்தியிருந்தார்கள். பழைய சாதி வழக்கங்களைப் பற்றுவது இதற்குத் தடையாக இருக்கவில்லை என்பதும் தெரிந்தது. அதில் எவ்வளவு பயிற்சியின் பலன் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் தர்க்கித்தார்கள், அது அவர்கள் வேலை. நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: வளர்ந்து முடிந்த ஆட்களுக்கும் இதைக் கற்பிக்கலாம் என்று நம்பிச் செய்து பார்த்திருக்கிறார்கள்.

பிரட்டுக்களத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதை விளையாடிப் பாருங்கள். பழைய கேபிளில் வளையம் செய்யலாம். முதற் சுற்றில் சும்மா எறியட்டும். இரண்டாம் சுற்றில் ஆளுக்குப் பத்து ரூபாய் பந்தயம் என்று சொல்லுங்கள். யார் முன்னே நகர்கிறார், யார் பின்னே போகிறார் என்று கவனித்து, ஏன் நகர்ந்தாய் என்று கேளுங்கள். "சும்மாதான்" என்று பதில் வந்தால் விடாதீர்கள்.

கண்ணைக் கட்டிக் கோபுரம்

இது இந்தியாவிலும் வேறு பல நாடுகளிலும் தொழில்முயற்சிப் பயிற்சிகளில் நெடுங்காலமாக நடக்கிற பயிற்சி. நம் வசதிக்கு மாற்றித் தருகிறேன். இருபது நெருப்புப்பெட்டி, ஒரு துண்டு, மூன்று பேர். ஒருவர் தொழிலாளி. அவருடைய கண்ணைக் கட்டிவிட வேண்டும், இடது கையால் மட்டும் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். இரண்டாமவர் கங்காணி. வாயால் வழி சொல்லலாம், தொடக்கூடாது. மூன்றாமவர் துரை. எத்தனை பெட்டி அடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே அவர் சொல்ல வேண்டும்.

முதற் சுற்றில் துரை பதினைந்து என்பார். கங்காணி "அந்தப் பக்கம், அந்தப் பக்கம், அட இந்தப் பக்கம்டா!" என்று கத்துவார். கண் கட்டியவருக்கு எந்தப் பக்கம் அந்தப் பக்கம்? கோபுரம் சரியும், எல்லாரும் சிரிப்பார்கள்.

இரண்டாம் சுற்றுக்கு இரண்டு மாற்றம். எத்தனை பெட்டி என்பதைத் தொழிலாளியும் சேர்ந்து தீர்மானிக்கலாம். அவர் கேள்வியும் கேட்கலாம். "வலது பக்கம் எவ்வளவு தள்ளணும்?" "ஒரு விரல் அளவு." இப்போது பேச்சில் அளவு வந்துவிட்டது. சத்தம் குறையும். இரண்டு சுற்றிலும் எத்தனை பெட்டி நின்றது என்று கரியால் சுவரில் எழுதிவையுங்கள்.

நடத்துகிறவருக்கு ஒரு சொல். விளையாட்டு முடிந்ததும் முதலில் துரையிடம் போகாதீர்கள். கண் கட்டியிருந்தவரிடம் போய், "உனக்கு எப்படி இருந்தது? எந்தப் பேச்சு உதவியது, எது பயம் தந்தது?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் பாடம் இருக்கிறது. அவசரத்தில் இதை விட்டுவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் வேடிக்கை.

இருபது சாரமும் மூன்று கடன்காரரும்

இனிக் காசுக் கணக்கு. ஒரு யுவதி மருதமுனைக்குப் போய்ச் சாரம் வாங்கி வந்து தீபாவளிக்குத் தோட்டத்தில் விற்க நினைக்கிறாள். கீழே உள்ள விலைகள் உதாரணத்துக்கு மட்டும். உண்மை விலையைக் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு சாரம் 1,500 ரூபாய். இருபது வாங்கினால் 30,000. பஸ், சாப்பாடு, சாமான் ஏற்றுகூலி எல்லாம் 4,000. தோட்டத்தில் ஒன்றை 1,900 க்கு விற்றால் 38,000 வரும். செலவு 34,000 போக லாபம் 4,000. அவள் போய்வர இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. அந்த இரண்டு நாள் சம்பளத்தையும் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். முகம் கொஞ்சம் வாடும், பரவாயில்லை.

இப்போது கடன் வருகிறது. இருபது பேரில் இரண்டு பேர் காசு தராவிட்டால் 3,800 போய்விடும். லாபம் 200 ரூபாய். மூன்று பேர் தராவிட்டால் 5,700 போகும். அப்போது 1,700 நட்டம். பதினேழு பேர் ஒழுங்காகக் கொடுத்தும் நட்டம்!

ஆகவே இந்த வியாபாரம் நிற்பதும் விழுவதும் "கடன் இல்லை" என்ற இரண்டு சொல்லில். சொல்வது எளிதா? தோட்டத்தில் எல்லாரும் மாமா, அத்தை, சின்னம்மா. வெளியூரில் இருந்து வருகிற வியாபாரி முகத்தை இறுக்கிக்கொள்ளலாம். இவள் நாளைக்கும் அதே பீலியில் தண்ணீர் பிடிக்க வேண்டும். நம்மவர்கள் வியாபாரத்தில் தோற்பதற்கு எனக்குத் தெரிந்த பெரிய காரணம் இதுதான். மூலதனம் இல்லை என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இதை நடித்துப் பழக வேண்டும். ஒருவர் மாமாவாக வரட்டும். முதல் தடவை அவள் முகத்தில் அடித்தாற்போல், "கடன் கிடன் எல்லாம் கெடையாது" என்று சொல்லட்டும். மாமாவின் முகத்தைப் பாருங்கள். இரண்டாம் தடவை ஒன்றும் சொல்ல முடியாமல் கொடுத்துவிடட்டும். மூன்றாம் தடவை இப்படி:

"மாமா, உங்களுக்குக் குடுக்க எனக்கு ஆசதான். ஆனா இது என் காசு இல்ல, நான் திருப்பிக் கட்ட வேண்டிய காசு. ஒங்களுக்குப் புடிச்சத சொல்லுங்க, தனியா எடுத்து வச்சிடுறேன். சம்பளத்தன்னிக்கிக் காசக் குடுத்துட்டு வாங்கிக்கிடுங்க."

மரியாதை போகவில்லை, சாரமும் போகவில்லை. மாமாவாக நடிப்பவர் லேசில் விடக்கூடாது. "உன் அப்பன் எனக்கு எவ்வளவு செஞ்சான் தெரியுமா?" என்று நெஞ்சைத் தொடுகிற மாதிரிக் கேட்க வேண்டும். நிஜ மாமா அப்படித்தானே கேட்பார்.

நமக்குத் தெரிந்த சீட்டையும் இதில் பயன்படுத்தலாம். தீபாவளிக்குப் பத்து வாரம் முன்பே ஆளுக்கு வாரம் 190 ரூபாய் கட்டச் சொன்னால், பத்தாவது வாரம் 1,900 கையில் இருக்கும். கடனும் இல்லை, விற்காமல் தங்குகிற சாரமும் இல்லை. என்ன நிறம் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டும் விடலாம். ஆனால் அது பிறர் காசு. வாராவாரம் ஒவ்வொருவருடைய அட்டையிலும் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுக்க வேண்டும், அந்தக் காசில் கை வைக்கவே கூடாது.

சேவைக்காலப் பணம் வரும்போது

அம்மாவோ அப்பாவோ வேலையில் இருந்து நிற்கும்போது குடும்பத்துக்கு ஒரு தொகை வருகிறது. ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கை நிதி, சேவைக்காலப் பணம். நாட்சம்பளக்காரருக்குச் சேவைக்காலப் பணம் ஒரு வருடத்துக்குப் பதினான்கு நாள் சம்பளம். முப்பது வருடம் கொழுந்து எடுத்தவருக்கு 420 நாள் சம்பளம். வாழ்நாளில் மொத்தமாகக் கையில் பார்க்கிற காசு இது ஒன்றுதான். அந்த வாரமே மகன் ஓட்டோ என்கிறான், மருமகன் கடை என்கிறார், கோயில் கமிட்டியும் வந்துவிடுகிறது.

இங்கேதான் பாவு முடிவு. இதை எடுக்கும்போது வீட்டில் யார் யார் உட்கார வேண்டும்? உழைத்தவர் முதலில் உட்கார வேண்டும். பல வீடுகளில் கொழுந்து எடுத்தது அம்மா, முடிவு எடுப்பது ஆம்பிளைகள். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விடுகிறார். மாதச் சம்பளத்தில் ஐந்து வயிற்றை நிரப்பிக் காட்டியவருக்குக் கணக்குத் தெரியாதா? அவரை உட்கார வையுங்கள், தேத்தண்ணியை மகன் ஊற்றட்டும்.

காசு கேட்கிற பிள்ளை நான்கு விஷயத்துக்கு வாயால் பதில் சொல்ல வேண்டும். யார் வாங்குவார்கள், அவர்களில் எத்தனை பேரிடம் நேரில் கேட்டாய்? மாதம் எவ்வளவு செலவு? ஆறு மாதம் ஒன்றும் வராவிட்டால் எப்படிச் சாப்பிடுவாய்? நட்டம் எந்த அளவுக்குப் போனால் நிறுத்துவாய்? கடைசிக் கேள்வியைக் கேட்டால் அபசகுனம் என்று சிலர் கோபிப்பார்கள். கேட்டே ஆக வேண்டும். பதில் நன்றாக இருந்தாலும் முழுத் தொகையையும் கொடுக்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். வளைய விளையாட்டில் நடுவில் நின்றவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

கடை போடுவதென்றால் இன்னும் இரண்டு காரியம் உண்டு. தோட்டத்து நிலத்தில் கட்டடம் போட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். வியாபாரப் பெயரைப் பதிய கிராம சேவகரிடம் போய், பிரதேச செயலகம் மூலமாகச் செய்ய வேண்டும். பிரதேச செயலகத்தில் சிறுதொழில்களுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரும் இருப்பார். அவரிடம் பிள்ளையே பேசட்டும். அப்பா பின்னால் நிற்கலாம், முன்னால் போகக்கூடாது.

அங்கே போவதற்கு முதல் நாள் இரவு வீட்டில் ஒரு ஒத்திகை வையுங்கள். பிள்ளை தன் தொழிலைப் பற்றிப் பாட்டியிடம் ஐந்து நிமிடத்தில் விளக்கிச் சொல்லட்டும். என்ன விற்பது, யாருக்கு, எவ்வளவுக்கு, எவ்வளவு மிஞ்சும் என்று. பிறகு பாட்டி அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லட்டும். பாட்டி எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தைக் கொப்பியில் பென்சிலால் சுற்றி வையுங்கள். விளக்கம் போதாத இடம் அதுதான். படுக்கப் போகுமுன் அதை மட்டும் இன்னொரு தடவை சரிசெய்துகொண்டு, காலை பஸ்ஸுக்குப் போகட்டும்.